பெயரைப் பறிகொடுத்த மாத்திரை



1914 செப்டம்பர் 22-ஆம் தேதி இரவு சென்னைத் துறைமுகத்தருகே எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுக் கொளுத்திவிட்டுப் போனது எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல். கப்பல் போய்விட்டது, பெயர் நம்மிடம் தங்கிவிட்டது. "அவன் பெரிய எம்டன்" என்று இன்றும் சொல்கிறோம். கப்பலைப் பற்றி ஒன்றும் அறியாதவருக்கும் அந்தச் சொல் புரியும். ஒரு பெயர் இப்படிப் பொதுச்சொல் ஆவது மொழிக்கு வரவு. அந்தப் பெயரை வைத்து வியாபாரம் செய்பவருக்கு அது எப்படிப்பட்ட இழப்பு என்பதற்கு இன்னொரு ஜெர்மன் பெயர் சாட்சி. அதுதான் ஆஸ்பிரின்.

1897-இல் எல்பர்ஃபெல்ட் நகரில் (இன்றைய வுப்பர்டால்) பேயர் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் ஃபெலிக்ஸ் ஹாஃப்மன் இந்த மருந்தைத் தூய வடிவில் தயாரித்தார். யோசனை தன்னுடையது என்று அவருடன் பணியாற்றிய ஆர்தர் ஐக்கென்குரூன் 1949-இல் எழுதினார். யூதரான அவர் நாஜிகளின் முகாமில் அடைபட்டு மீண்டவர். அந்த வழக்கை இங்கே நாம் தீர்க்க வேண்டாம்.

நமக்கு வேண்டியது வேறு. இந்த வேதிப்பொருளை 1853-லேயே ஷார்ல் ஜெரார்ட் என்பவர் தயாரித்திருந்தார். ஆகவே ஜெர்மனியில் பேயருக்குக் காப்புரிமை கிடைக்கவில்லை. பொருளுக்கு வேலி இல்லையென்றால் பெயருக்காவது வேலி போட வேண்டும் அல்லவா? அசெட்டைல் என்பதிலிருந்து 'அ', ஸ்பைரியா என்ற செடியிலிருந்து 'ஸ்பிர்', கடைசியில் ஓர் 'இன்'. இந்தப் பெயர் 1899 மார்ச் 6-ஆம் தேதி பெர்லினில் வணிகக் குறியாக, அதாவது டிரேட் மார்க்காக, பதிவானது. 1874-ஆம் ஆண்டுச் சட்டம் உருவச் சின்னங்களைத்தான் ஏற்றது. 1894-இல் வந்த புதிய சட்டம்தான் வெறும் சொல்லையும் பதிய வழி திறந்தது. ஐந்தாண்டு முன்னால் என்றால் பேயருக்கு அந்த வழியும் இருந்திருக்காது.

வெளிநாடுகளில் கதை வேறு. பிரிட்டனில் கிடைத்த காப்புரிமையை 1905-இல் நீதிமன்றம் செல்லாது என்றது. அமெரிக்கக் காப்புரிமை 1917 வரை நின்றது. ஆனால் அங்கே பேயர் ஒரு தவறு செய்தது என்பது என் எண்ணம். பல ஆண்டுகள் மருந்தைத் தூளாகவே விற்றது. மற்றவர்கள் அதை வாங்கி, மாத்திரையாக்கி, தங்கள் பெயரிட்ட டப்பாவில் 'ஆஸ்பிரின்' என்று விற்றார்கள். வாங்கிய மக்களுக்கு அது ஒரு மாத்திரையின் பெயர், அவ்வளவுதான். யார் தயாரித்தது என்று எந்த வீட்டிலும் கேட்கவில்லை. நாம் 'ஜெராக்ஸ் கடை' என்று சொல்லும்போது எந்தக் கம்பெனியை நினைக்கிறோம்?

அப்புறம் போர். 1915-இல் பிரிட்டனில் பெயருரிமை போயிற்று. ஆஸ்திரேலியாவில் ஜார்ஜ் நிக்கலஸ் என்ற மருந்துக்கடைக்காரர் தாமே ஆஸ்பிரின் தயாரித்து, பின்னர் 'ஆஸ்ப்ரோ' என்று பெயரிட்டார். நம் பெரியவர்களுக்குத் தெரிந்த அதே ஆஸ்ப்ரோதான். அமெரிக்கா போரில் இறங்கியதும் பேயரின் சொத்துகளை எதிரிச் சொத்து என்று கையகப்படுத்தியது. 1918 டிசம்பர் 12-ஆம் தேதி, போர் ஓய்ந்து ஒரு மாதம் ஆன பிறகு, நியூயார்க் மாநிலத்து ரென்சலேர் ஆலையில் ஏலம். சுமார் 53 லட்சம் டாலருக்கு ஸ்டெர்லிங் என்ற கம்பெனி எடுத்தது. ஆலை, காப்புரிமைகள், பேயர் என்ற பெயர் எல்லாம் அதில் அடக்கம்.

வேடிக்கை என்னவென்றால், அவ்வளவு பணம் கொடுத்தவர்களுக்கும் அந்தச் சொல் முழுதாகக் கிடைக்கவில்லை. 1921-இல் நீதிபதி லேர்னட் ஹேண்ட் வழங்கிய தீர்ப்பு, வாங்குபவர் அச்சொல்லை எப்படிப் புரிந்துகொள்கிறார் என்று பார்த்தது. மருத்துவருக்கும் மருந்து வணிகருக்கும் அது வணிகக் குறி, பொதுமக்களுக்கோ பொதுச்சொல். எனவே பொதுமக்களுக்கு விற்கும்போது யாரும் ஆஸ்பிரின் என்று சொல்லலாம் என்றாயிற்று. பேயர் தன் சொந்தப் பெயரை அமெரிக்காவில் மீட்க 1994 வரை காத்திருந்தது. வட அமெரிக்க வியாபாரத்தைத் திரும்ப வாங்க 100 கோடி டாலர் கொடுத்தது. அப்படியும் 'ஆஸ்பிரின்' அங்கே பொதுச்சொல்லாகவே இருக்கிறது.

இதில் நம்மவர்களுக்கு என்ன என்று திருப்பூர் நேயர்கள் கேட்கலாம். வணிகக் குறி நாட்டுக்கு நாடு தனி. சென்னையில் பதிந்த பெயர் ஜெர்மனியில் தானாகச் செல்லாது. மியூனிக்கில் உள்ள ஜெர்மன் அலுவலகத்திலோ, ஸ்பெயினில் அலிகாண்டேயில் உள்ள ஐரோப்பிய ஒன்றிய அலுவலகத்திலோ பதிய வேண்டும். 2013 முதல் இந்தியா மாட்ரிட் ஏற்பாட்டில் இருப்பதால் இங்கிருந்தே விண்ணப்பிக்கலாம். இந்திய விண்ணப்பத்துக்கு ஆறு மாதத்துக்குள் அங்கே மனுச் செய்தால் முதல் தேதியே கணக்கில் வரும். பதிவு பத்தாண்டுக்கு, பிறகு புதுப்பிக்கலாம். ஆனால் ஐந்தாண்டு தொடர்ந்து பயன்படுத்தாமல் போட்டுவைத்தால், மற்றவர் நீக்கக் கேட்கலாம்.

ஜெர்மனியில் ஆஸ்பிரின் இன்றும் பேயருடையதே. அங்கே மருந்துக்கடையில் மற்ற கம்பெனிகளின் அதே மாத்திரைக்கு 'ஏ.எஸ்.எஸ்.' என்று பெயர்.