பரிசல் செலுத்துமுறை

பரிசல் என்பது மூங்கிற் பிளாச்சுகளால் கூடைபோல் பின்னப்பட்டு, நீர் புகாத உறையிடப்பட்ட வட்டவடிவ ஆற்றுக்கலம் ஆகும். தமிழ்நாட்டின் தருமபுரி மாவட்டத்தில், பாப்பாரப்பட்டி, பென்னாகரம் ஆகிய ஊர்களுக்கு மேற்கே காவிரி பாறைகளினூடே வீழும் ஒகேனக்கலில் இது இன்றும் பயன்பாட்டில் உள்ளது. முற்காலத்தில் தோலால் போர்த்தப்பட்டது. பின்னர் நெகிழித்தாளும் தாரும் தோலின் இடத்தைப் பெற்றன. பரிசல் ஒற்றைத் துடுப்பால் செலுத்தப்படுகிறது. இம்முறையின் நிறைகுறைகள், கயாக் படகுகளில் வழங்கும் இருமுனைத் துடுப்பு, மிதிசெட்டை ஆகியவற்றுடன் ஒப்பிடும்போது தெளிவாகின்றன. (தமிழில் மீனின் உறுப்பையும் படகோட்டியின் கருவியையும் துடுப்பு என்றே வழங்குவர். குழப்பம் தவிர்க்க, காலால் இயங்குவது இங்கு செட்டை எனப்படுகிறது.)

துடுப்பு

துடுப்பின் அலகு நீரைப் பின்னோக்கித் தள்ள, அதன் எதிர்விசையால் கலம் முன்செல்கிறது. தள்ளப்பட்ட நீர் பெறும் இயக்க ஆற்றல் வீணாகிறது. ஒரே உந்துவிசைக்கு, சிறிதளவு நீரை விரைவாகத் தள்ளுவதைவிட மிகுதியான நீரை மெதுவாகத் தள்ளினால் இவ்விழப்பு குறையும். அலகு அகலமாக அமைக்கப்படுவது இதனாலேயே. எனினும் துடுப்பை நீரிலிருந்து எடுத்து முன்கொண்டு செல்லும் நேரத்தில் உந்துவிசை கிடைப்பதில்லை.

பரிசலுக்கு இதனினும் பெரிய சிக்கல் உண்டு. அதன் அடிப்பகுதி தட்டையானது. திசையை நிலைநிறுத்தும் அடிக்கட்டை இல்லை. ஒரு பக்கம் மட்டும் வலித்தால் கலம் முன்செல்லாமல் சுழலும். எனவே பரிசலோட்டி முன்விளிம்பருகே அமர்ந்து, எட்டி நீரைத் தம்மை நோக்கி இழுக்கிறார். பக்கங்களை மாற்றியும் வலிக்கிறார். உழைப்பின் ஒரு பகுதி திசையைத் திருத்துவதிலேயே செலவாகிறது. நீண்டு ஒடுங்கிய கயாக்கில் இவ்விழப்பு மிகக் குறைவு.

மிதிசெட்டை

கிரெக் கெட்டர்மேன் வடிவமைத்த மிராஜ் டிரைவ் என்னும் மிதிசெட்டைப் பொறியை அமெரிக்காவின் ஹோபி நிறுவனம் 1997-இல் அறிமுகப்படுத்தியது. கால்களால் மிதிக்கும்போது, படகின் அடியிலுள்ள இரு வளையும் செட்டைகள் பக்கவாட்டில் எதிரெதிராக வீசுகின்றன. பென்குயினின் சிறகைப்போல இவை முறுகி, இரு வீச்சிலும் உந்துவிசை தருகின்றன. வெறுமனே திரும்பும் வீச்சு இதில் இல்லை.

உடலியலும் இதற்குத் துணைநிற்கிறது. கைகளால் மட்டும் இயலும் திறன், கால்களால் இயலுவதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கே. ஆயினும் வேகம் இதே விகிதத்தில் கூடாது. நீரின் தடையை வெல்லத் தேவைப்படும் திறன் ஏறக்குறைய வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப உயர்வதால், ஒன்றரை மடங்கு திறன் சுமார் 14 விழுக்காடு கூடுதல் வேகத்தையே தரும். தேர்ந்த கயாக் வீரர் உடற்பகுதி முழுவதையும் திருப்பித் துடுப்பு வலிப்பதால் அவரிடம் இவ்வேறுபாடு மேலும் சுருங்கும். மிதிசெட்டையின் மெய்யான பயன் நெடுநேரம் களைப்பின்றிச் செல்வதும், மீன்பிடிக்கக் கைகள் ஓய்வாக இருப்பதுமே எனலாம்.

கால்வலிமையின் எல்லைக்கு டெக்காவிட்டேட்டர் சான்றாகும். மார்க் டிரெலா மிதித்த இக்கலம் 1991-இல் பாஸ்டனில் 18.5 நாட் (மணிக்கு சுமார் 34 கி.மீ.) வேகத்தை எட்டியது. எனினும் அது நீரடிச் சிறகுகளால் மேலெழும்பி, காற்றுச்சுழலியால் உந்தப்பட்டதாகையால் கயாக்குடன் நேரடியாக ஒப்பிடத்தக்கதன்று.

ஒகேனக்கல் சூழலில்

செட்டைகள் நீருள் ஆழமாகத் தொங்குவதால் பாறை, நாணல், ஆழமற்ற நீர் ஆகியவற்றில் சிக்கிச் சேதமுறும். பரிசலோ மிகக் குறைந்த ஆழத்திலும் மிதக்கும். பாறையில் உரசினாலும் மூங்கிற் பின்னல் நெகிழ்ந்துகொடுக்கும். துடுப்பைக் கொண்டே பாறையை ஊன்றி விலகவும் முடியும். ஆகவே பயனுறுதிறனில் பின்தங்கினாலும் இவ்வாற்றுக்குத் துடுப்பே பொருத்தமானது.

இயல்பான ஒருவர் நெடுநேரம் தரக்கூடிய திறன் சுமார் 75 முதல் 100 வாட் வரையே. நீரோட்டத்தின் வேகம் கலத்தின் வேகத்தை மிஞ்சினால் எம்முறையாலும் எதிர்த்துச் செல்ல இயலாது. கடக்கவியலாத இடங்களில் பரிசலைத் தலைமேல் கவிழ்த்துக் கரைவழியே சுமந்து செல்கின்றனர். காவிரியில் நீர்வரத்து உயரும்போது மாவட்ட நிர்வாகம் பரிசல் இயக்கத்துக்குத் தடை விதிக்கிறது. அந்நாட்களில் பரிசலோட்டிகளுக்கு வருவாய் இல்லை.