4294967297

4294967297 (429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297) என்பது 4294967296-ஐ அடுத்து வரும் இயல் எண் ஆகும். இது 2³² + 1 என்பதற்குச் சமம். பெர்மா எண்களைச் சுழியத்திலிருந்து எண்ணினால் இது ஐந்தாவது பெர்மா எண் ஆகும். பெர்மா எண்களுள் பகு எண்ணாக அமையும் மிகச் சிறியதும் இதுவே.

வரலாறு

2-இன் அடுக்காக 1, 2, 4, 8, 16 ஆகியவற்றை வைத்து, கிடைப்பதுடன் 1-ஐக் கூட்டினால் 3, 5, 17, 257, 65537 என்ற எண்கள் கிடைக்கும். இவை ஐந்தும் பகா எண்கள். இதே முறையில் உருவாகும் எல்லா எண்களும் பகா எண்களே என்று பிரெஞ்சுக் கணிதவியலாளர் பியர் டி பெர்மா 1640-இல் கருதினார். ஆனால் அவரால் அதை நிறுவ இயலவில்லை. 1729-இல் கிறிஸ்டியன் கோல்ட்பாக் இக்கருத்தை லியோனார்டு ஆய்லரின் கவனத்திற்குக் கொண்டுவந்தார். அடுத்த எண்ணாகிய 4294967297-ஐ 641 மீதியின்றி வகுக்கும் என்று ஆய்லர் 1732-இல் காட்டினார். இதனால் பெர்மாவின் கருத்து தவறானது.

காரணிகள்

4294967297 = 641 × 6700417

இவ்விரு காரணிகளும் பகா எண்கள். இவ்வெண்ணின் பகாக் காரணி எதுவும் 64-இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாகவே இருக்கும் என்று ஆய்லர் பின்னர் நிறுவினார். அவ்வகைப் பகா எண்கள் 193, 257, 449, 577, 641 எனத் தொடர்கின்றன. ஆகவே ஐந்தாவது முயற்சியிலேயே விடை கிடைத்துவிடும்.

நிறுவல்

நீண்ட வகுத்தல் இன்றியும் இதனை நிறுவலாம்.

* 641 = 5 × 2⁷ + 1. ஆகவே (5 × 2⁷)⁴ − 1, அதாவது 5⁴ × 2²⁸ − 1, 641-ஆல் வகுபடும்.
* 641 = 5⁴ + 2⁴. இதனை 2²⁸-ஆல் பெருக்கினால் கிடைக்கும் 5⁴ × 2²⁸ + 2³² என்பதும் 641-ஆல் வகுபடும்.
* இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் 2³² + 1 கிடைக்கும். எனவே அதுவும் 641-ஆல் வகுபடும்.

பிற பண்புகள்

* இவ்வெண்ணை இரு வர்க்கங்களின் கூட்டலாக இரண்டு வழிகளில் எழுதலாம்: 65536² + 1², 62264² + 20449². ஒரு பகா எண்ணை இவ்வாறு ஒரே வழியில்தான் எழுத முடியும். எனவே இது பகு எண் என்பதற்கு இதுவும் ஒரு சான்று.
* இதன் வகுஎண்கள் 1, 641, 6700417, 4294967297 ஆகிய நான்கு. அவற்றின் கூட்டுத்தொகை 4301668356.
* பெர்மாவின் சிறிய தேற்றத்தின்படி, ஓர் ஒற்றைப் பகா எண்ணைவிட ஒன்று குறைந்த அடுக்குக்கு 2-ஐ உயர்த்தி அப்பகா எண்ணால் வகுத்தால் மீதி 1 ஆகும். 4294967297 பகு எண்ணாக இருந்தும் இச்சோதனையில் தேறிவிடுகிறது. எனவே இது ஒரு போலிப் பகா எண் ஆகும். 2-க்குப் பதிலாக 3-ஐக் கொண்டு சோதித்தால் உண்மை வெளிப்படும்.
* 4294967297 பக்கங்களைக் கொண்ட ஒழுங்குப் பல்கோணத்தை அளவுகோல், கவராயம் ஆகியவற்றை மட்டும் கொண்டு வரைய இயலாது. மாறாக, இதைவிட 2 குறைந்த 4294967295 பக்கங்களைக் கொண்டதை வரையலாம். ஏனெனில் அவ்வெண் முதல் ஐந்து பெர்மா எண்களின் பெருக்கற்பலன் ஆகும்.

தீராத வினா

ஐந்தாவது முதல் 32-ஆவது வரையிலான பெர்மா எண்கள் அனைத்தும் பகு எண்கள் என்று அறியப்பட்டுள்ளது. 65537-க்குப் பின் மற்றொரு பெர்மா பகா எண் உண்டா என்பது இன்றும் தீர்க்கப்படாத வினாவாகவே உள்ளது.