வீட்டுக்கு வந்த ஃபயர்வால்

வீட்டுக் கணினிக்கு ஃபயர்வால் தேவைப்பட்டது 1990களின் கடைசியில்தான். அதுவரை அது பல்கலைக்கழகங்களும் பெரிய நிறுவனங்களும் வைத்துக்கொண்ட காவல். 1988 நவம்பர் 2 அன்று கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் மாரிஸ் இணையத்தில் விட்ட புழு நிரல், அப்போது இணைப்பில் இருந்த சுமார் 60,000 கணினிகளில் ஏறத்தாழ 6,000ஐத் தாக்கியதாக மதிப்பிடப்பட்டது. உள்வலைக்கும் வெளியுலகுக்கும் நடுவே தடுப்பு வேண்டும் என்ற எண்ணம் அதன்பின் வலுத்தது. வில்லியம் செஸ்விக், ஸ்டீவன் பெல்லோவின் இருவரும் 1994இல் எழுதிய நூல் இத்துறைக்குப் பாடநூலாயிற்று.

வீடுகளில் அப்போது டயல்-அப் இணைப்பு. வேலை முடிந்ததும் துண்டிப்பார்கள். அடுத்த முறை பெரும்பாலும் வேறொரு ஐபி முகவரி கிடைக்கும். கேபிள் மோடமும் டிஎஸ்எல்லும் வந்தபின் கணினி நாள் முழுக்க இணையத்திலேயே கிடந்தது. விண்டோஸ் 98இல் கோப்புப் பகிர்வைக் கடவுச்சொல் இல்லாமல் திறந்து வைத்திருந்தவரின் ஹார்ட் டிஸ்க்கை 139ஆம் போர்ட் (கணினியின் எண்ணிட்ட நுழைவாயில்) வழியாக முன்பின் தெரியாதவரும் பார்க்க முடிந்தது. 1998இல் வெளிவந்த நெட்பஸ், பேக் ஆரிஃபிஸ் ஆகிய ஊடுருவல் நிரல்கள் ஒரு கணினிக்குள் புகுந்துவிட்டால் முறையே 12345, 31337 ஆகிய போர்ட்களில் ஆணைக்குக் காத்திருக்கும். அப்படிக் காத்திருக்கும் கணினிகளைத் தேடி, ஒரு தெருவின் எல்லாக் கதவுகளையும் தள்ளிப் பார்த்துக்கொண்டே போவதுபோல், வேறு சிலர் முகவரிகளை வரிசையாகச் சோதித்தார்கள்.

இந்தச் சோதனைகளை வீட்டுக்காரரின் கண்ணுக்குக் காட்டியவை பிளாக்ஐஸ், ஜோன்அலாரம் போன்ற மென்பொருள்கள். வெளியிலிருந்து யாரும் கேட்காமல் வரும் ஒவ்வொரு தொடர்பையும் தடுத்து, அதை எச்சரிக்கையாகத் திரையில் காட்டின. தடுத்தது நன்மை. ஆனால் எச்சரிக்கைகள் வந்துகொண்டே இருந்ததால், யாரோ தன்னையே குறிவைத்துத் தாக்குவதாகப் பலர் கலங்கினார்கள். உண்மையில் அவற்றில் பெரும்பாலானவை தானியங்கி நிரல்களின் வேலை. முகவரியை முன்பு வைத்திருந்தவரைத் தேடி வரும் விளையாட்டு, கோப்புப் பகிர்வுத் தொடர்புகளும் அவற்றில் கலந்திருந்தன.

இத்தகைய முயற்சிகளை ஃபயர்வால் குறித்துவைக்கும் பதிவேடு, ஒரு வீட்டினுடையது மட்டும் என்றால், அதிகம் சொல்லாது. ஆயிரக்கணக்கானவற்றைச் சேர்த்தால்தான் பொருள் புலப்படும். யோஹான்னஸ் உல்ரிக் 2000 நவம்பரில் தொடங்கிய டிஷீல்டு இதைத்தான் செய்தது. தன்னார்வலர்கள் தங்கள் ஃபயர்வால் பதிவேடுகளை அனுப்பினார்கள். எந்த போர்ட்டை நோக்கி முயற்சிகள் பெருகுகின்றன என்று அது கணக்கிட்டது. 2001 மார்ச்சில் 53ஆம் போர்ட்டுக்கான முயற்சிகள் திடீரென எகிறின. லினக்ஸ் சர்வர்களில் பரவிய லயன் புழு பிடிபட இதுவே வழிவகுத்தது. வீட்டு ஃபயர்வாலின் வரலாற்றில் இதைவிடப் பயனுள்ள நிகழ்வைச் சொல்வது கடினம்.

அடுத்த சில ஆண்டுகள் புழுக்களின் காலம். 2001 ஜூலை 19 அன்று கோட் ரெட் 14 மணி நேரத்துக்குள் 3,59,000 கணினிகளைத் தொற்றியது. 2003 ஆகஸ்ட் 11 அன்று பரவிய பிளாஸ்டர் 135ஆம் போர்ட் வழியாக வந்தது. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் ஜூலையிலேயே வெளியிட்டிருந்தது. பலர் அதை நிறுவவில்லை. விண்டோஸ் எக்ஸ்பியில் ஃபயர்வாலும் இருந்தது, ஆனால் இயல்பாக இயங்காத நிலையில். அதைத் தேடிப்பிடித்து இயக்கச் சாதாரணப் பயனருக்குத் தெரிந்திருக்கவில்லை. 2004 ஆகஸ்ட்டில் வந்த இரண்டாம் சர்வீஸ் பேக் அதைத் தானாகவே இயங்கச் செய்தது. அதே ஆண்டு மார்ச்சில் விட்டி என்ற புழு பிளாக்ஐஸ் மென்பொருளின் ஓட்டை வழியாகவே நுழைந்து, சுமார் 12,000 கணினிகளைத் தொற்றி, டிஸ்க்கில் இருந்தவற்றை அழித்தது.

வீட்டு ரவுட்டரும் இதற்குள் பரவியிருந்தது. ஐபி முகவரிப் பற்றாக்குறையைச் சமாளிக்க 1994இல் விவரிக்கப்பட்ட நாட் என்ற முறை, ஒரே முகவரியைப் பல கருவிகள் பகிர வகைசெய்தது. உள்ளிருந்து யாரும் கேட்காத தொடர்பை எந்தக் கணினிக்கு அனுப்புவது என்று ரவுட்டருக்குத் தெரியாததால், அது அங்கேயே நின்றுபோகும். காவலுக்காக உருவாகாத ஒன்று காவலாக அமைந்தது.

பிறகு குறி ரவுட்டர்கள், கேமராக்கள் மீதே திரும்பியது. 2016இல் மிராய் என்ற தீநிரல் 23ஆம் போர்ட்டைத் தேடி, தொழிற்சாலையில் வைக்கப்பட்ட 60க்கும் மேற்பட்ட பயனர்பெயர், கடவுச்சொல் இணைகளைப் போட்டுப் பார்த்தே கருவிகளைக் கைப்பற்றியது. ஆகவே பதிவேட்டில் காணும் முயற்சி வந்த முகவரியின் சொந்தக்காரரே பெரும்பாலும் இன்னொரு பாதிக்கப்பட்டவர் என்பதால், அவரைத் தேடிப் போவதில் பயனில்லை. 2013இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் உருவான ஜீமேப் என்ற ஆய்வு நிரல், ஐபிவி4 முகவரிகள் அனைத்தையும் 45 நிமிடத்துக்குள் சோதிக்க வல்லது. ஆகவே ஆய்வாளர்களின் சோதனைகளும் பதிவேட்டில் சேர்கின்றன. வெளியிலிருந்து ரவுட்டரை நிர்வகிக்கும் வசதியை அணைப்பது, ஃபர்ம்வேரைப் புதுப்பிப்பது, தொழிற்சாலைக் கடவுச்சொல்லை மாற்றுவது ஆகியவையே வீட்டில் பலன் தருபவை. கடைசியாகச் சொன்னதை உற்பத்தியாளரின் பொறுப்பாக்கும் சட்டங்களும் வந்துவிட்டன: கலிபோர்னியாவில் 2020 ஜனவரி முதலும் பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதலும் அவை நடைமுறையில் உள்ளன.