உடன்படிக்கை யாரைக் கட்டுகிறது? ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் தீர்ப்பும் காசோலைச் சிறையும்

ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் எதிர் பேங்க் ஆஃப் கொச்சின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1980 பிப்ரவரி 4 அன்று அளித்த தீர்ப்பு ஆய்வுலகில் பெரும்பாலும் ஒரே வேலைக்குப் பயன்பட்டு வந்திருக்கிறது. நாடாளுமன்றம் சட்டம் இயற்றாதவரை பன்னாட்டு மனித உரிமை உடன்படிக்கை எதுவும் இந்திய நீதிமன்றத்தில் செல்லாது என்பதற்கு அது மேற்கோள். 1980 சாத்திய கதவை 1997-இல் விசாகா தீர்ப்பு திறந்தது என்ற வரிசையும் ஏறக்குறைய மரபாகிவிட்டது. தீர்ப்பின் உள்ளடுக்கைப் பிரித்துப் பார்த்தால் இந்த வாசிப்பு நிற்காது என்பது என் கருத்து. அந்தத் தீர்ப்பு நீதிமன்றத்தைப் பற்றிச் சொன்னதைவிடச் சட்டமன்றத்தைப் பற்றிச் சொன்னதே அதிகம். சொல்லப்பட்ட இடத்தில் அது கேட்கப்படவில்லை. அதன் விளைவைச் சேலம், நாமக்கல் சமவெளியின் கடன் வழக்குகளில் காணலாம்.

வழக்கு சிக்கலானதல்ல. இரண்டரை லட்ச ரூபாய்க்கு ஒரு டிக்ரி. வேறு இரண்டு டிக்ரிகளையும் சேர்த்தால் கடன் ஏழு லட்சத்துக்கு மேல். சொத்துகள் ஏற்கெனவே ஜப்தியில். அந்த நிலையில் கடனாளிகளைக் கைது செய்ய வாரன்ட். உரிமையியல் நடைமுறைச் சட்டம் 51-ஆம் பிரிவின் வரம்புரைப்படி, டிக்ரி ஆன நாளுக்குப் பிறகு எப்போதாவது கடனாளியிடம் பணம் இருந்து அவர் கட்டாமல் விட்டிருந்தால் சிறை வைக்கலாம். இன்று அவர் கையில் காலணா இல்லாவிட்டாலும் எழுத்துப்படி அது போதும். நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், நீதிபதி ஆர்.எஸ். பாட்டக் அடங்கிய அமர்வு அந்த எழுத்தைச் சுருக்கிப் படித்தது. கட்டாமல் விட்டதில் கெட்ட எண்ணம் இருந்திருக்க வேண்டும், அல்லது இப்போது கட்டும் வசதி இருக்க வேண்டும். வெறும் தவணைத் தவறுக்குச் சிறை இல்லை. குடிமை, அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கையின் 11-ஆம் உறுப்பு ஒப்பந்தக் கடனைத் தீர்க்க இயலாமைக்காக மட்டும் யாரையும் சிறையிடக் கூடாது என்கிறது. அதன் சாயலில் அமைந்த வாசிப்பு இது.

இந்தியா இந்த உடன்படிக்கையில் இணைந்தது 1979 ஏப்ரல் 10. தீர்ப்பு வந்தது பத்தே மாதத்தில். எனவே இணைவின் விளைவு என்ன என்ற கேள்வி அப்போதுதான் அடுப்பிலிருந்து இறங்கிய பதத்தில் நீதிமன்றத்தின் முன் இருந்தது எனப் பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் உடன்படிக்கை தானாகச் செல்லாது என்ற பகுதிக்கு ஆதாரமாக அத்தீர்ப்பு நீளமாக எடுத்துக்காட்டுவது எதை? சேவியர் எதிர் கனரா வங்கி என்ற 1969-ஆம் ஆண்டு கேரள உயர் நீதிமன்றத் தீர்ப்பை. எழுதியவர் அப்போது அங்கே நீதிபதியாக இருந்த அதே கிருஷ்ணய்யர். 1969-இல் இந்தியா உடன்படிக்கையில் உறுப்பினரே அல்ல. உடன்படிக்கையும் 1966-இல் ஏற்கப்பட்டிருந்ததே தவிர, நடப்புக்கு வந்தது 1976 மார்ச் 23-இல்தான்.

இதிலிருந்து இரண்டு முடிவுகள் வருகின்றன. முதலாவது, 51-ஆம் பிரிவைச் சுருக்கிப் படித்ததற்கு இணைவு காரணமல்ல. அந்த வாசிப்பு பதினோரு ஆண்டுக்கு முன்பே, உடன்படிக்கை உலகில் யாரையும் கட்டாத காலத்திலேயே, 11-ஆம் உறுப்பின் மணம் இதில் இருக்கிறது என்ற ஒப்புதலோடு எழுதப்பட்டுவிட்டது. அரசமைப்பின் 21-ஆம் உறுப்பை விரித்த 1978-இன் மேனகா காந்தி தீர்ப்புதான் உண்மையான காரணம் என்பாரும் உண்டு. 1969-இல் அதுவும் இல்லை என்பதே அவர்களுக்குப் போதிய பதில். இரண்டாவது முடிவே எனக்கு முக்கியம். தனிமனிதர் நீதிமன்றத்தில் உடன்படிக்கையை நீட்டி நிவாரணம் கேட்க முடியாது என்ற புகழ்பெற்ற மறுப்பு, இணையாத நாட்டைப் பற்றி எழுதப்பட்டு, இணைந்த நாட்டின் தீர்ப்பில் மாற்றமின்றி வைக்கப்பட்டது. இணைவுக்குப் பிந்தைய நிலைக்கு அதை முழு ஆதாரமாகக் கொள்வதில் தயக்கம் வேண்டும்.

இதற்கு வலுவான எதிர்வாதம் ஒன்று உண்டு. 1969-இன் பத்தி, நாடு உடன்படிக்கையை ஏற்று, தனிமனிதர் ஐ.நா.வில் முறையிட வழிதரும் விருப்ப நெறிமுறையையும் உறுதிசெய்திருந்தாலும் நிலைமை அதுவே என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. ஆக, இணைவு அதன் கணக்கில் இருந்தது. உண்மைதான், ஆனால் அது கற்பனை நிலையைப் பற்றிய கருத்து, வழக்கின் தீர்வுக்குத் தேவைப்படாதது. மேலும், அப்பத்தி எதை மறுக்கிறது? தனிமனிதர் நீதிமன்றத்தில் பெறும் நிவாரணத்தை. உடன்படிக்கை அரசைக் கட்டுவதை அது மறுக்கவில்லை. 1980 தீர்ப்பு தன் சொந்தக் குரலில் சேர்ப்பதும் அதற்கு இசைவானதே: உறுப்பு நாடுகளின் கடப்பாடு உள்நாட்டில் சட்டமியற்றலைத் தூண்டுகிறது, தானாகவே நாட்டுச் சட்டத்தின் பகுதியாகிவிடுவதில்லை. இவ்வாக்கியத்தின் பின்பாதியை மட்டும் நறுக்கி மேற்கோள் காட்டும் பழக்கத்தால் முன்பாதி மறைந்துபோனது. முழுதாகப் படித்தால் அது டில்லியில் சன்சத் மார்க்கத்துக்கு, அதாவது நாடாளுமன்றத்துக்கு, எழுதப்பட்ட கடிதம்.

முகவரிதாரர் என்ன செய்தார்? உடன்படிக்கையின் 2-ஆம் உறுப்பு, தேவையான சட்டங்களை இயற்றும் பொறுப்பை உறுப்பு நாட்டின்மேல் வைக்கிறது. 4-ஆம் உறுப்பு, நெருக்கடி நிலையிலும் தளர்த்தக் கூடாதவற்றின் பட்டியலில் 11-ஐச் சேர்க்கிறது. இணையும்போது இந்தியா 1, 9, 12, 13, 19, 21, 22 ஆகிய உறுப்புகள் குறித்து அறிவிப்புகள் தந்தது. 11 குறித்து ஒரு சொல்லும் இல்லை. 1983-இல் இணைந்த காங்கோ, தன் நாட்டில் கடனுக்குச் சிறை இருப்பதைக் காட்டி 11-க்கு விலக்கு கோரியது, பெல்ஜியம் ஆட்சேபித்தது. நாம் அப்படி எதையும் கோரவில்லை. ஆனால் இணைந்து ஒன்பது ஆண்டு கழித்து, 1988-இல், மாற்றுமுறை ஆவணச் சட்டத்தில் 138 முதலான பிரிவுகள் சேர்க்கப்பட்டன. 1989 ஏப்ரல் 1 முதல், பணமின்றித் திரும்பிய காசோலைக்கு ஓராண்டு வரை சிறை; 2002-இன் திருத்தம் அதை இரண்டாண்டு ஆக்கியது.

இதன் விளைவைக் கடன் வழக்குகளில் காணலாம். சேலம் மாவட்டத்தின் வாழப்பாடி, பெத்தநாயக்கன்பாளையம், ஆத்தூர் வட்டாரத்தில் மரவள்ளிக் கிழங்கு பத்து மாதம் மண்ணில் கிடக்கும்; அதன் விலை சேகோ ஆலையின் கையில். அந்தப் பத்து மாதத்தை ஓட்ட வாங்கும் பைனான்ஸ் கடனும், நாமக்கல்லில் லாரிக்கும் திருச்செங்கோட்டில் ரிக் வண்டிக்கும் வாங்கும் கடனும் ஒரு காலத்தில் புரோநோட்டோடு முடிந்தன. இப்போது புரோநோட்டோடு கையெழுத்துப் போட்ட வெற்றுச் செக்கும் போகிறது. புரோநோட்டை வைத்து வழக்குப் போட்டால் முன்சீப் கோர்ட்டில் டிக்ரி, பிறகு அரெஸ்ட் இ.பி., அதாவது கைது கோரும் நிறைவேற்று மனு; அங்கே 1980 தீர்ப்பின்படி வசதி விசாரணை உண்டு, சிறை மூன்று மாதத்தைத் தாண்டாது, செலவுக்குப் படி கட்டுவதும் கடன் கொடுத்தவரே. செக்கை வைத்துப் போட்டால் மாஜிஸ்ட்ரேட் கோர்ட். கடன் உண்டு என்ற அனுமானம் 139-ஆம் பிரிவால் கடன் கொடுத்தவர் பக்கம். வெற்றுச் செக்கைப் பிறகு நிரப்பினாலும் அந்த அனுமானம் குலையாது என்று பீர் சிங் எதிர் முகேஷ் குமார் வழக்கில் 2019-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒரே கடன், ஒரே இயலாமை. எந்தக் காகிதத்தை எடுத்து நீட்டுவது என்பதைக் கடன் கொடுத்தவர் தீர்மானிக்கிறார்.

காசோலை வழக்கில் தண்டிக்கப்படுவது கடன் அல்ல, வாணிப நம்பிக்கையைக் குலைத்த செயல் என்ற விடை எல்லாருக்கும் தெரிந்ததே. 140-ஆம் பிரிவு இல்லாவிட்டால் அதை ஏற்றிருப்பேன். காசோலை கொடுத்தபோது அது திரும்பும் என்று நினைக்கக் காரணம் இருக்கவில்லை என்பது எதிர்வாதமே ஆகாது என்கிறது அப்பிரிவு. ஏமாற்றும் எண்ணத்தைக் கணக்கிலிருந்தே எடுத்துவிட்டால், திரும்பிய காசோலைக்கும் தீராத கடனுக்கும் இடையில் எஞ்சுவது ஒரு வங்கிச் சீட்டுதான். உச்ச நீதிமன்றமே 2021-இல் பி. மோகன்ராஜ் வழக்கில் இந்நடவடிக்கை குற்றவியல் தோல் போர்த்திய சிவில் நடவடிக்கை என்ற பொருளில் பேசியிருக்கிறது. 138-ஐ அரசமைப்புக்கு எதிரானதென்று தொடுத்த வழக்குகள் உயர் நீதிமன்றங்களில் தோற்றன; அதை இங்கே கிளறவில்லை. அரசமைப்புக்குப் பொருந்துவது வேறு, பன்னாட்டுக் கடப்பாட்டுக்குப் பொருந்துவது வேறு.

இன்னொரு வேறுபாட்டையும் குறிக்க வேண்டும். பணத்துக்கான டிக்ரியில் பெண்ணைக் கைது செய்ய உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 56-ஆம் பிரிவு தடை விதிக்கிறது. 138-இல் அத்தகைய தடை கிடையாது. கடன் ஆண் வாங்கியதாக இருந்து செக் மனைவியின் கணக்கில் போகும் வீடுகளில், பழைய சட்டம் காப்பாற்றியவரைப் புதிய சட்டம் கூண்டில் ஏற்றுகிறது.

கடனாளியைக் காக்கும் எண்ணமே ஐ.நா.விலிருந்து இறக்குமதியானது என்று கருத இடமில்லை. தொழிலாளர் பற்றிய ராயல் ஆணையம் 1931-இல் குறைந்த வருமானத் தொழிலாளரைக் கடனுக்காகச் சிறையிடுவதை எதிர்த்தது. 51-இன் வரம்புரை 1936-இல் வந்தது. சேலத்தில் வக்கீலாக இருந்த ராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதமரானதும், 1938-இன் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம், 1932 அக்டோபருக்கு முன் வாங்கிய கடன்களில் நின்ற வட்டியையே தள்ளியது. சட்டமன்றம் முன்னே போன காலம் அது. உடன்படிக்கையில் இணைந்த பிறகு பின்னே போனதுதான் விளக்கம் கேட்கும் விஷயம். மாநிலத்துக்கும் இதில் பங்குண்டு: கூட்டாட்சியின் எல்லாப் பகுதிகளுக்கும் உடன்படிக்கை விலக்கின்றிப் பொருந்தும் என்கிறது 50-ஆம் உறுப்பு. கடன்கொடுத்தல் மாநிலப் பட்டியல். 2003-இன் தமிழ்நாடு கந்துவட்டித் தடைச் சட்டம் மீட்டர் வட்டியையும் தண்டலையும் பெயர் சொல்லித் தடுத்தது. காசோலையோ ஒன்றியப் பட்டியல். அங்கே மாநிலத்தின் கை எட்டாது.

1993-இன் மனித உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் உடன்படிக்கைகளைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதால் சிக்கல் தீர்ந்தது என்பாருக்கு, அதே வரையறையில் நீதிமன்றங்களால் நிறைவேற்றத்தக்க என்ற நிபந்தனை இருப்பதை நினைவூட்டினால் போதும். முதல் விருப்ப நெறிமுறையில் இந்தியா சேரவில்லை. ஆகவே வாழப்பாடிக் கடனாளி ஜெனீவாவுக்கு மனுப் போட முடியாது. இலங்கை 1997-இல் சேர்ந்தது. ஆனால் 2006-இல் சிங்கராசா வழக்கில் அதன் உச்ச நீதிமன்றம் அந்தச் சேர்க்கையையே அரசமைப்புக்கு முரண் என்றது. நெறிமுறையில் சேர்வது மட்டும் வழி திறந்துவிடாது என்பதற்கு அது சான்று.

நீதிமன்றத்துக்கு எஞ்சியிருக்கும் இடம் குறுகியது, ஆனால் இருக்கிறது. 138 சிறையைக் கட்டாயமாக்கவில்லை. சிறை, அல்லது காசோலைத் தொகையின் இரட்டிப்பு வரை அபராதம், அல்லது இரண்டும். 51-ஆம் பிரிவுக்கு 1980 வகுத்த அதே விசாரணையை, அதாவது இப்போது வசதி உண்டா, அல்லது முன்பு வசதியிருந்தும் கெட்ட எண்ணத்தோடு கட்டாமல் விட்டாரா என்ற கேள்வியை, தண்டனைக் கட்டத்தில் வைத்து, இரண்டுக்கும் இல்லை என்ற பதில் வந்தால் சிறையை விலக்குவதற்கு அப்பிரிவின் வாசகத்தில் எந்தத் தடையும் இல்லை. அபராதமோ இழப்பீடோ கட்டாதபோது விதிக்கும் மாற்றுச் சிறைக்கும் இதே விசாரணை வேண்டும். இல்லையேல் முன்வாசலில் விலக்கிய சிறை பின்வாசலில் வந்துவிடும்.