ஊர் பெயராகி, பெயர் ஊராகி: சுவெட்டன்ஹாம் குடும்பப் பெயரும் வட சிலாங்கூர்த் தோட்டத் தமிழர் பெயர்மரபும்

கிள்ளான் ஆற்று முகத்துவாரத்தில் 1901ஆம் ஆண்டு திறக்கப்பட்ட துறைமுகம், 1882 முதல் 1889 வரை சிலாங்கூரின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாகவும் 1896இல் மலாய்க் கூட்டு மாநிலங்களின் முதல் தலைமை ரெசிடெண்டாகவும் பதவி வகித்த பிராங்க் சுவெட்டன்ஹாமின் பெயரைத் தாங்கியது. அவர் பிறந்தது டார்பிஷயரின் பெல்ப்பர் நகரில். அவருடைய குடும்பப் பெயரோ செஷயரிலுள்ள சுவெட்டன்ஹாம் என்னும் சிற்றூரின் பெயர். இங்கிலாந்தில் குடும்பப் பெயராக மாறிய ஊர்ப்பெயர் கடல் கடந்து மீண்டும் ஊர்ப்பெயராகி, 1972 வரை அப்படியே வழங்கியது. சுங்கை செம்பிலாங், ஜெராம், புக்கிட் ரோத்தான் வட்டாரத் தோட்டங்களில் பால்மரம் சீவ வந்த தமிழர் பலர் கரையிறங்கிய இடமும் அதுவே.

1066இன் நார்மானியப் படையெடுப்புக்குப் பின் நிலவுடைமைக் குடும்பங்களில் தொடங்கிய குடும்பப் பெயர் வழக்கம், சொத்துரிமையையும் வரியையும் எழுத்தில் பதியவேண்டிய தேவையால் அடுத்த சில நூற்றாண்டுகளில் எளிய மக்களிடமும் பரவியது. ஊர், தொழில், உடற்கூறு, தந்தை பெயர் ஆகியவற்றிலிருந்தே அப்பெயர்கள் பெரும்பாலும் பிறந்தன. வட சிலாங்கூரிலுள்ள நைஜல் கார்ட்னர் தோட்டத் தமிழ்ப்பள்ளியின் பெயரிலுள்ள கார்ட்னர் தோட்டக்காரரைக் குறிக்கும் தொழிற்பெயர். ரப்பர் நிறுவனப் பெயரான ஹாரிசன், ஹாரியின் மகன் என்பதே.

குடும்பப் பெயருக்கென்று ஒரு குலச்சின்னம் உண்டு என்ற பரவலான நம்பிக்கை தவறு. 1484இல் நிறுவப்பட்ட இங்கிலாந்தின் சின்னப் பதிவு மன்றம் சின்னத்தைத் தனிமனிதருக்கும் அவருடைய வழித்தோன்றல்களுக்குமே வழங்குகிறது. ஒரே பெயர் கொண்ட பிறருக்கு அதில் உரிமையில்லை. பெயரின் பொருளையே படமாக்கும் சின்னங்களும் உண்டு: நாடகாசிரியர் ஷேக்ஸ்பியரின் தந்தைக்கு 1596இல் கிடைத்த பொன்னிறக் கேடயத்தில், பெயரிலுள்ள ஈட்டி கறுப்புப் பட்டையின்மேல் சாய்ந்து கிடக்கிறது. தமிழகத்தில் வில்லும் கயலும் புலியும் அரச மரபுகளின் சின்னங்களாக நின்றன. குடிமக்களின் பெயரோடு சின்னம் எதுவும் ஒட்டவில்லை.

தமிழரிடமும் தந்தை பெயர் உண்டு. ஆனால் அது தலைமுறைதோறும் மாறும். முத்துவின் மகன் ராமன், ராமனின் மகன் குமார் என்று வரும்போது மூன்றாம் தலைமுறையின் பெயரில் முத்து இல்லை. தோட்டக் கிராணி காலைப் பெரட்டில் (ஆள் கணக்கெடுப்பில்) செக்ரோலை (வருகைப் பதிவேட்டை)ப் பார்த்துப் பெயர் கூப்பிட்டபோதும், பிறப்புப் பத்திரத்தில் இன்னாரின் மகன், மகள் என்னும் ஆங்கிலக் குறிப்போடு பெயர் பதிவானபோதும், பின்னர் அக்குறிப்பு மலாயில் ஏ/எல், ஏ/பி, அதாவது ‘அனாக் லெலாக்கி’ (மகன்), ‘அனாக் பெரம்புவான்’ (மகள்) என்று மாறியபோதும் இம்மரபு மாறவில்லை. இதைக் குறையெனக் கருதுவது பொருந்தாது. சாதிப் பட்டம் ஒட்டாமல் தந்தையை மட்டுமே சொல்லும் பெயர் மதிப்புக்குரியது. ஆயினும் ஒரே தந்தை பெயர் வெவ்வேறு பத்திரங்களில் வெவ்வேறு எழுத்துக்கூட்டலில் பதிவாகியிருந்தால், வம்சவழியைத் தேடுபவருக்குச் சங்கிலி அங்கேயே அறுந்துவிடும்.

எனவே தோட்டங்கள் துண்டாடப்பட்டு லயன்வீடுகள் இடிக்கப்பட்டுவரும் இக்காலத்தில், வட சிலாங்கூர்க் குடும்பங்கள் தங்கள் பாட்டன் பாட்டியரின் பிறப்புப் பத்திரங்களையும் பழைய அடையாள அட்டைகளையும் பாதுகாக்க வேண்டும். தமிழ்ப்பள்ளிகளும் தம்மிடமுள்ள பழைய சேர்க்கைப் பதிவேடுகளைக் கரையான் அரிக்குமுன் படியெடுத்து வைக்க வேண்டும்.