உண்டியல் முதல் கியூஆர் வரை: பணம் அனுப்பும் கூலியை யார் கொடுப்பது?



‘உண்டியல்’ என்னும் சொல்லை இன்று வகுப்பில் சொன்னால் மாணவர்களின் நினைவுக்கு வருபவை இரண்டு. ஒன்று கோயிலில் காணிக்கை செலுத்தும் பெட்டி. மற்றொன்று வீட்டில் சில்லறை சேர்க்கும் மண்கலம். ஆனால் நம் பாட்டனார் காலத்து வணிகருக்கு உண்டியல் என்பது ஒரு தாள். கடல் கடந்து பணத்தைக் கொண்டு சேர்க்கும் தாள். அந்தத் தாளில் தொடங்கி, இன்று நாசி லெமாக் கடையில் தொங்கும் கியூஆர் அட்டை வரைக்கும் பணம் அனுப்புவதற்கென்று ஒரு கூலி இருந்தே வந்திருக்கிறது. அந்தக் கூலி ஏறிய கதையையும் இறங்கிய கதையையும் பார்த்தால், சிறு வணிகர்களான நம் பெற்றோர் பலரும் அறிந்துகொள்ள வேண்டிய உண்மை ஒன்று புலப்படும். அதனை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

உண்டியலும் வட்டமும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே நாட்டுக்கோட்டை நகரத்தார் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய துறைமுகங்களுக்கு வந்து கொடுக்கல் வாங்கல் தொழிலைத் தொடங்கிவிட்டனர். சிங்கப்பூரின் மார்க்கெட் ஸ்திரீட்டில் அவர்களுடைய கிட்டங்கிகள் வரிசையாக இருந்தன. பினாங்கில் 1857ஆம் ஆண்டிலும் சிங்கப்பூர் டேங்க் ரோட்டில் 1859ஆம் ஆண்டிலும் அவர்கள் எழுப்பிய தண்டாயுதபாணி கோயில்கள் இன்றும் தைப்பூசத்தின் நடுநாயகமாக விளங்குகின்றன. கோலாலம்பூர் லெபோ அம்பாங் தெருவும் அவர்கள் தொழில் நடத்திய இடமே.

பினாங்கிலுள்ள ஒரு வணிகர் சென்னையிலோ இரங்கூனிலோ உள்ள மற்றொரு வணிகருக்குப் பணம் கொடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வெள்ளிக் காசுகளை மூட்டை கட்டிக் கப்பலில் ஏற்றுவது ஆபத்தானது, செலவும் மிகுதி. ஆகவே அவர் கிட்டங்கியில் பணத்தைச் செலுத்துவார். அங்கே ஓர் உண்டியல் எழுதித் தரப்படும். அக்கரையில் உள்ள நகரத்தார் கடையில் அத்தாளைக் காட்டினால் பணம் கிடைக்கும். கண்டவுடன் பணம் தரவேண்டியது தரிசன உண்டியல். குறித்த நாள் கழித்துத் தரவேண்டியது தவணை உண்டியல். காசு கடலைக் கடக்கவில்லை. கணக்கு மட்டுமே கடந்தது. அக்கரையிலிருந்து வரும் உண்டியலும் இக்கரையிலிருந்து போகும் உண்டியலும் பேரேட்டில் ஒன்றையொன்று கழித்துக்கொள்ள, மிச்சத்தை மட்டும் தீர்த்தால் போதும்.

இதற்குக் கூலி உண்டு. நாணயம் மாற்றும்போதும் உண்டியலைத் தவணைக்கு முன்பே பணமாக்கும்போதும் கழித்துக்கொள்ளும் தொகையை ‘வட்டம்’ என்று வழங்கினர். அருமையான சொல்; அதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர் தேவைப்படும்.

அதைவிட மறைவான ஒரு செலவும் இருந்தது. நீரிணைக் குடியேற்றங்களின் டாலர் வெள்ளியின் மதிப்பைச் சார்ந்திருந்தது. 1870களுக்குப் பின் உலகச் சந்தையில் வெள்ளியின் விலை சரிந்தபோது டாலரின் மதிப்பும் சரிந்தது. 1906ஆம் ஆண்டில்தான் ஒரு டாலர் 2 ஷில்லிங் 4 பென்ஸ் என நிலைநிறுத்தப்பட்டது. அதுவரை, இன்று அனுப்பினால் ஒரு தொகை, அடுத்த மாதம் அனுப்பினால் வேறொரு தொகை. கூலி சிறிதாகத் தோன்றினாலும் மாற்று விகிதத்தில் பெரிதாக இழக்க நேரிடும். வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவோர் இன்றும் எண்ணிப் பார்க்க வேண்டிய பாடம் இது.

அக்காலம் பொற்காலம் என்று நான் சொல்லவரவில்லை. இரங்கூனில் நகரத்தார் மாதந்தோறும் கோயிலில் கூடி ‘நடப்பு வட்டி’யைத் தீர்மானித்தனர். பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழுவின் 1930ஆம் ஆண்டு அறிக்கை அவர்களுடைய தொழில்முறையை விரிவாகப் பதிவு செய்துள்ளது. விகிதம் ஒளிவுமறைவின்றி அனைவருக்கும் தெரிந்திருந்தது, அது நன்று. ஆனால் அதைத் தீர்மானித்த கூட்டத்தில் கடன் வாங்கிய உழவருக்கும் சில்லறைக் கடைக்காரருக்கும் இடம் இல்லை. யார் கூடி முடிவெடுக்கிறார்கள் என்ற கேள்வி அன்றே பிறந்துவிட்டது.

வங்கியும் காசோலையும்

சார்ட்டர்ட் வங்கி 1859ஆம் ஆண்டில் சிங்கப்பூரிலும் 1875ஆம் ஆண்டில் பினாங்கிலும் கிளை திறந்தது. அத்தகைய வங்கிகளின் முதன்மையான வாடிக்கையாளர்கள் ஐரோப்பிய நிறுவனங்களும் பெருவணிகர்களுமே. சிறு வணிகர்கள் நெடுங்காலம் கிட்டங்கியையே நம்பியிருந்தனர். 1937ஆம் ஆண்டில் மு.சித.மு. சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைக் காரைக்குடி, சென்னை, இரங்கூன் ஆகிய மூன்று ஊர்களிலும் ஒரே நாளில் திறந்தார். உண்டியல் செய்துவந்த வேலையை வங்கி ஏற்றுக்கொள்ளத் தொடங்கியதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

வங்கியோடு காசோலையும் பரவியது. காசோலைக்கும் கூலி உண்டு. ஒரு வங்கியின் காசோலை மற்றொரு வங்கிக்குப் போய்ச் சேர வேண்டும். கணக்குத் தீர்க்கப்பட வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டு இலண்டனில் வங்கி எழுத்தர்கள் பை நிறையக் காசோலைகளுடன் வங்கி வங்கியாக நடந்தனர். பிறகு ஓரிடத்தில் கூடி மாற்றிக்கொண்டால் கால்நடை மிச்சம் என்று கண்டனர். அவ்வழக்கமே காசோலைத் தீர்வகமாக வளர்ந்தது. வரவையும் செலவையும் கழித்து மிச்சத்தை மட்டும் தீர்க்கும் அந்த முறையில் நம் பேரேட்டுக் கணக்கின் சாயல் இருப்பதைக் காணலாம்.

நம் நாட்டில் ஒவ்வொரு காசோலைத் தாளுக்கும் 15 காசு முத்திரை வரி இருந்தது. அதைத் தவிர, தாளை ஏற்றி இறக்கி, சரிபார்த்து, சேமித்துவைக்கும் செலவை வங்கியே சுமந்தது. அச்செலவு வேறு வழிகளில் வாடிக்கையாளரிடமிருந்தே ஈடுகட்டப்பட்டிருக்கும் என்றாலும், காசோலை எழுதியவரின் கண்ணுக்கு அது தெரியவில்லை.

இரண்டு வெள்ளியும் பத்துக் காசும்

2000ஆம் ஆண்டில் மலேசியாவில் வங்கிகளுக்கிடையிலான ஜைரோ முறை அறிமுகமானது. ‘ஐபிஜி’ என்று நாம் அழைப்பது இதைத்தான். ஜைரோ என்பது இத்தாலிய மொழியில் சுற்று, வட்டம் எனப் பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. நம் முன்னோர் கூலிக்கு இட்ட பெயரும் வட்டம். பின்னாளில் வந்த முறைக்கு இட்ட பெயரும் வட்டம்! இவ்விரண்டுக்கும் மொழியியல் உறவு கிடையாது. எனினும் மாணவர்களுக்குச் சொன்னால் மறக்கமாட்டார்கள்.

தாள் இல்லை, முத்திரை இல்லை, எழுத்தர் நடக்க வேண்டியதில்லை. ஆகவே கூலி உடனே குறைந்திருக்க வேண்டும் அல்லவா? குறையவில்லை. 2013ஆம் ஆண்டுக்கு முன்பு இணையம் வழி ஐபிஜி அனுப்ப 2 வெள்ளி வரை செலுத்த வேண்டியிருந்தது. காசோலை எழுதுவதைவிட இது அதிகம். பிறகு சிறு வணிகர் ஏன் காசோலையை விடுவார்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாலை கட்டி விற்கும் ஓர் அம்மையார் வாரத்திற்கு மூன்று முறை பூ மொத்த வணிகருக்கு 80 வெள்ளி அனுப்புகிறார். ஒவ்வொரு முறையும் கூலி 2 வெள்ளி என்றால், அது தொகையில் 2.5 விழுக்காடு. 8,000 வெள்ளி அனுப்பும் பெருவணிகருக்கும் அதே 2 வெள்ளிதான். அது வெறும் 0.025 விழுக்காடு. கூலி ஒன்றே; சுமையோ நூறு மடங்கு வேறுபடுகிறது. அம்மையாருக்கு ஆண்டுக்கு 312 வெள்ளி செலவாகும். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பது இதுதான்.

2013ஆம் ஆண்டு மே 2ஆம் நாள் முதல் இணையம் வழி ஐபிஜி கட்டணம் 10 காசாகக் குறைந்தது. அதே அம்மையாரின் ஆண்டுச் செலவு 312 வெள்ளியிலிருந்து 15 வெள்ளி 60 காசாக இறங்கியது. ஏன்? மே 1ஆம் நாள் இரவுக்கும் மறுநாள் காலைக்கும் இடையில் கணினிகள் மாறிவிடவில்லை, கம்பிகளும் மாறிவிடவில்லை. மாறியது ஒரு முடிவு. ஆண்டுக்கு 20 கோடிக்கும் மேலாக இருந்த காசோலைகளை 2020க்குள் 10 கோடியாகக் குறைக்க வேண்டும் எனப் பேங்க் நெகாரா தன் பத்தாண்டுத் திட்டத்தில் இலக்கு வகுத்திருந்தது. அதற்காகவே கட்டணச் சீர்திருத்தம் வந்தது. அதன் மறுபக்கமாக, 2015 சனவரி 2ஆம் நாள் முதல் ஒவ்வொரு காசோலைக்கும் 50 காசு கட்டணம் விதிக்கப்பட்டது. 2018 சூலை 1ஆம் நாள் முதல், தனிநபரும் சிறு, நடுத்தர நிறுவனங்களும் 5,000 வெள்ளி வரை செய்யும் உடனடிப் பணமாற்றுக்கான 50 காசு கட்டணமும் நீக்கப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில் டூயிட்நவ் வந்தது.

இங்கேதான் நான் முதலில் குறிப்பிட்ட உண்மை இருக்கிறது. இயந்திரம் கூலியைக் குறைப்பதில்லை. குறைக்க இடம் மட்டுமே தருகிறது. குறைப்பது மனிதர்கள் எடுக்கும் முடிவு. அப்படியானால் ஏற்றுவதும் மனிதர்கள் எடுக்கும் முடிவே.

2023ஆம் ஆண்டு கற்பித்த பாடம்

2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்த பிறகு, காசைத் தொட அஞ்சிய மக்கள் கியூஆர் அட்டையை நாடினர். அங்காடிக் கடைகளும் இரவுச் சந்தைகளும் அதற்கு மாறின. வணிகரிடம் கட்டணம் வசூலிக்காமல் விலக்கு அளிக்கப்பட்டிருந்ததும் ஒரு காரணம்.

2023 அக்டோபரில் ஒரு செய்தி வந்தது: நவம்பர் 1ஆம் நாள் முதல் டூயிட்நவ் கியூஆர் வழி பெறும் பணத்துக்கு வணிகர்களிடம் கட்டணம் வசூலிக்கப்படலாம். வாங்குபவருக்குக் கட்டணம் இல்லை, விற்பவருக்குத்தான். நாடெங்கும் எதிர்ப்புக் குரல் எழுந்தது. விளைவாகப் பல வங்கிகள் சிறு வணிகர்களுக்கு விலக்கைத் தொடர்வதாக அறிவித்தன.

“கால் விழுக்காடுதானே, அதற்கு இத்தனை கூச்சலா?” என்று கேட்போர் உண்டு. கணக்கிற்காக 0.25 விழுக்காடு என்றே கொள்வோம். நாளொன்றுக்கு 400 வெள்ளி விற்பனை செய்யும் கடைக்கு 1 வெள்ளி கட்டணம். ஆனால் அந்த 400 வெள்ளியில் அரிசி, தேங்காய், எரிவாயு, வாடகை எல்லாம் போக மிஞ்சுவது 40 வெள்ளி என்றால், அந்த 1 வெள்ளி இலாபத்தில் 2.5 விழுக்காடு. விற்பனையைக் கொண்டு அளப்பவருக்குக் கடுகு. இலாபத்தைக் கொண்டு வாழ்பவருக்குக் கடுகன்று.

மறுபக்கத்தையும் சொல்வது நியாயம். கணினி அமைப்பைப் பேணவும் மோசடியைத் தடுக்கவும் செலவாகிறது. யாரேனும் அதைக் கொடுத்தே ஆக வேண்டும். இந்தியாவில் 2020 சனவரி 1ஆம் நாள் முதல் யுபிஐ வழி பணம் பெறும் வணிகரிடம் கட்டணம் வாங்கக்கூடாது என ஆணையிடப்பட்டது. அங்கே வங்கிகளும், ஊக்கத்தொகை வழங்கும் அரசும் அச்செலவைச் சுமக்கின்றன. சிங்கப்பூரில் 2023 நவம்பருக்குள் வங்கிகள் காசோலைக்குக் கட்டணம் விதித்துத் தாளின் செலவைத் தாள் எழுதுபவர்மீதே வைத்தன. நம் நாட்டில் 2025 சூலை 1ஆம் நாள் முதல் கட்டணமோ தரகோ பெற்று வழங்கும் நிதிச் சேவைகள் பலவும் 8 விழுக்காட்டுச் சேவை வரியின் கீழ் வந்தன. ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு விடை கண்டிருக்கிறது. எந்த விடையும் வானத்திலிருந்து விழவில்லை.

வகுப்பறையிலும் வீட்டிலும்

விலக்கு என்பது உரிமையன்று. கொடுத்தவர் திரும்பப் பெறலாம். ஆதலால் சிறு தொழில் செய்யும் பெற்றோர்கள் மாதந்தோறும் வங்கிக் கணக்கறிக்கையில் கட்டணம் என்று கழிக்கப்பட்டவற்றைத் தனியே கூட்டிப் பாருங்கள். அதனை விற்பனையோடு ஒப்பிடாமல் இலாபத்தோடு ஒப்பிடுங்கள். கட்டணம் மாறும் என அறிவிப்பு வந்தால் படிக்காமல் விட்டுவிடாதீர்கள். உங்கள் வணிகர் சங்கத்தில் அதைப் பேசுங்கள். 2023இல் பேசியதால்தான் பயன் கிடைத்தது.

ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். விழுக்காடு கற்பிக்கும்போது சட்டை விலைத் தள்ளுபடியோடு நின்றுவிடாமல், மேலே கண்ட பூக்கடைக் கணக்கையும் நாசி லெமாக் கணக்கையும் கொடுத்துப் பாருங்கள். நம் மாணவர்கள் பலரின் வீட்டில் நாள்தோறும் நடக்கும் கணக்கு அது. பிள்ளை போட்ட கணக்கைத் தந்தையும் தாயும் உட்கார்ந்து சரிபார்ப்பார்கள்.

நம் முன்னோர் பேரேட்டில் ஒரு காசு உதைத்தாலும் விளக்கு வைத்து விடியும்வரை தேடியவர்கள் என்று சொல்வதுண்டு. தாள் போய்த் திரை வந்துவிட்டது. தேடும் பழக்கம் போய்விடக் கூடாது.

தங்கள் பள்ளியிலோ தொழிலிலோ இதுபற்றிக் கண்டவற்றை எழுதுங்கள். படிக்க ஆவலாய் உள்ளேன்.