கிருமியற்ற வடிநீர்

1884இல் ராபர்ட் கோக் காலராக் கிருமியைக் கல்கத்தாவில் தூய வளர்ப்பாகப் பிரித்தெடுத்தார். அது எவ்வாறு கொல்கிறது என்பது மேலும் 75 ஆண்டுகள் தெளிவாகவில்லை. கோக் ஊகித்த நச்சை மெய்ப்பித்தவர் அதே நகரின் நோயியலாளர் சம்புநாத் டே. கிருமி வளர்ந்த திரவத்தை வடிகட்டி, கிருமியே இல்லாத அவ்வடிநீரை முயலின் முடிச்சிட்ட குடற்பகுதியில் செலுத்தினார்; குடல் நீர் கோத்து வீங்கியது. நீரை வெளியேற்றுவது கிருமி சுரக்கும் நச்சே என்பது உறுதியாயிற்று. அந்த ஆய்வு 1959இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்தது.

1978இல் நோபல் அறக்கட்டளை தனது காலராக் கருத்தரங்கிற்கு டேயை அழைத்துச் சிறப்பித்தது. இந்திய அறிவியல் கழகங்களோ, 1985இல் அவர் மறையும்வரை அவரை உறுப்பினராகக்கூடத் தேர்ந்தெடுக்கவில்லை. கண்டுபிடிப்பு நிகழ்ந்த மண்ணிலேயே அதன் மதிப்பு கடைசியாக உணரப்பட்டது.